மாயத்தை மெய்யாக்கும் தொழில்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வாக்கு. வழக்குத் தீர்ப்பவர்களுக்காகச் சொல்லப்பட்ட இப்பழமொழி இன்றைய திரைப்படங்களுக்கும் கணினி விளையாட்டுகளுக்கும் நன்கு பொருந்துகின்றது. திரையில் கடல் பிளக்கின்றது, மாளிகை சரிகின்றது, ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்த விலங்கு மழையில் நனைந்தபடி உறுமுகின்றது. கண் காண்கின்றது, காது கேட்கின்றது, மனம் நம்பிவிடுகின்றது. ஆயினும் அவற்றுள் எதுவும் நிகழ்ந்ததில்லை.

நிகழாத ஒன்றை நிகழ்ந்தது போலக் காட்டுவதற்கென்றே உலகில் ஒரு தொழில் உண்டு. 'ஸ்பெஷல் எபெக்ற்ஸ்' என்று அதனை அழைப்பர். நம் பழைய திரைப்பட விளம்பரங்களில் 'தந்திரக் காட்சிகள்' என்று குறிக்கப்பட்டது இதுவேயாகும். அந்தப் பெயரையே இக்கட்டுரையில் நானும் கையாள்கின்றேன்.

எதிர்காலத்தில் என்னவாக விரும்புகின்றீர்கள் என்று மேல்வகுப்பு மாணவர்களைக் கேட்டால், மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர் என்னும் வழக்கமான விடைகளோடு புதியதொரு விடையும் இப்போது வருகின்றது. "படங்களுக்கு டிராகன் செய்வேன்" என்கிறான் ஒருவன். "கணினி விளையாட்டுகளில் வேலை செய்வேன்" என்கிறாள் ஒருத்தி. பெற்றோர் திகைக்கின்றனர். விளையாட்டும் ஒரு தொழிலாகுமா, அதை நம்பி வாழ முடியுமா, பிள்ளை திசைமாறிப் போகின்றதா என்றெல்லாம் கவலை கொள்கின்றனர். அக்கவலை நியாயமானதே. ஆனால் தீர விசாரியாமல் வேண்டும் என்பதும் தவறு. வேண்டாம் என்பதும் தவறு. எனவே இத்தொழிலில் வாழ்ந்த ஒருவருடைய வரலாற்றைத் துணையாகக் கொண்டு இதனைச் சற்று விசாரித்துப் பார்ப்போம்.

ஒரு நொடிக்கு 24 படங்கள்

திரைப்படம் என்பது உண்மையில் அசையாத படங்களின் வரிசையே. ஒரு நொடிக்கு 24 படங்கள் நம் கண்முன் ஓடுகின்றன. கண்ணால் அவற்றைத் தனித்தனியே பிரித்தறிய இயலாமையால் அசைவு தோன்றுகின்றது. தந்திரக் காட்சியின் அடித்தளம் இந்த இயலாமையே எனலாம்.

இதனை முதலில் நன்கு பயன்படுத்திக்கொண்டவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஜோர்ஜ் மெலியேஸ். அவர் பாரிஸ் நகரில் செப்படி வித்தை அரங்கு ஒன்றை நடத்தியவர். கமராவை நிறுத்தி, முன்னால் உள்ள பொருளை மாற்றி, மீண்டும் ஓடவிட்டால், திரையில் அப்பொருள் கணத்தில் உருமாறுவதைக் கண்டார். 1902இல் அவர் எடுத்த 'சந்திர மண்டலப் பயணம்' என்னும் படத்தில், விண்கலம் ஒன்று நிலவின் கண்ணிலே சென்று குத்தி நிற்கும். மனிதன் உண்மையாகவே நிலவில் கால் வைப்பதற்கு 67 ஆண்டுகளுக்கு முன்பே திரையில் அவனை அங்கே கொண்டு சேர்த்தவர் அவர்.

கமராவை நிறுத்தி நிறுத்தி எடுக்கும் இம்முறையே பொம்மைகளுக்கும் உயிர் கொடுத்தது. உள்ளே உலோக எலும்புக்கூடும் வெளியே இறப்பர்த் தோலும் கொண்ட பொம்மையொன்றை நிறுத்தி ஒரு படம் எடுக்க வேண்டும். பின்னர் அதன் காலை ஒரு நெல்மணி அளவு நகர்த்தி அடுத்த படத்தை எடுக்க வேண்டும். இவ்வாறு 24 முறை செய்தால் திரையில் ஒரு நொடி கிடைக்கும். 1933இல் வெளிவந்த 'கிங் கொங்' படத்தில், வில்லிஸ் ஓ பிரையன் என்பவர் ஏறத்தாழ ஒன்றரை அடி உயரமான பொம்மையை இவ்வாறு அசைத்தே மாபெரும் குரங்காகக் காட்டினார். அவர் வழிவந்த றே ஹரிஹவுசன், 1963ஆம் ஆண்டுப் படமொன்றில் ஏழு எலும்புக்கூடுகள் வாட்போர் செய்யும் காட்சியை அமைப்பதற்கு நாலரை மாதங்கள் உழைத்தார். திரையில் அது சில நிமிடங்களே ஓடுகின்றது.

பேர்க்லி நகரத்துச் சிறுவன்

1951இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள பேர்க்லி நகரில் பிறந்தவர் பில் ரிப்பெற். அவருக்கு ஏழு வயதளவில், ஹரிஹவுசன் அமைத்த பூதங்களும் ஒற்றைக்கண் அரக்கனும் நிறைந்த சிந்துபாத் படம் ஒன்று 1958இல் வெளியாயிற்று. நம் பெற்றோர்கள் கதையாக வாசித்து வளர்ந்த அதே சிந்துபாத்தான். அப்படம் அச்சிறுவனின் வாழ்க்கைப் பாதையையே வகுத்துவிட்டது. பொம்மை செய்யக் கற்றான். படம் எடுக்கக் கற்றான். பின்னர் பல்கலைக்கழகத்தில் ஓவியமும் சிற்பமும் சார்ந்த நுண்கலை பயின்று பட்டம் பெற்றான்.

படிப்பு முடிந்ததும் புகழ் வந்து வாசலில் நிற்கவில்லை. தொலைக்காட்சி விளம்பரங்களுக்குப் பொம்மைகளை அசைக்கும் வேலையே கிடைத்தது. மாவுப்பண்டம் விற்கவும் மரக்கறி விற்கவும் பொம்மைகளை ஆடவைத்தார். அங்கே பெற்ற பயிற்சியே அவரை ஜோர்ஜ் லூக்காஸின் 'ஸ்ரார் வோர்ஸ்' படத்துக்கு (1977) அழைத்துச் சென்றது. அப்படத்தில் சிறு பூதங்கள் சதுரங்கக் காய்களாக நின்று மோதும் காட்சியை நண்பர் ஒருவருடன் சேர்ந்து அமைத்தார். 1980இல் வந்த அடுத்த பாகத்தில், பனிவெளியில் நான்கு கால்களால் நடக்கும் இரும்பு யானை போன்ற போர்ப்பொறிகளை அசைத்தவர்களுள் அவரும் ஒருவர். அவற்றுக்காக மெய்யான யானையின் நடை படமாக்கப்பட்டு ஆராயப்பட்டது. கற்பனைப் பொறிக்கும் உண்மை விலங்கே ஆசானாக அமைந்தது என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்துக.

எனினும் பொம்மை அசைவில் ஒரு குறை இருந்தது. ஓடும் குதிரையைப் படம் எடுத்துப் பாருங்கள். அதன் கால்கள் சற்று மங்கலாகவே பதியும். கமராவின் மூடி திறந்திருக்கும் சிறு நேரத்தில் கால் நகர்ந்துவிடுவதே காரணம். பொம்மையோ படம் எடுக்கும்போது அசையாமல் நிற்கின்றது. எனவே ஒவ்வொரு படமும் தெளிவாகப் பதிந்து, அசைவு வெட்டி வெட்டித் தெரிகின்றது. இக்குறையைப் போக்க, மூடி திறந்திருக்கும் வேளையிலேயே பொம்மையை மிகச் சிறிதளவு நகர்த்தும் சிறு மோட்டார்களும் தண்டுகளும் பொருத்தப்பட்டன. அவற்றைக் கணினி இயக்கியது. 'கோ மோஷன்' எனப்படும் இம்முறையில் 1981இல் 'டிராகன் ஸ்லேயர்' என்னும் படத்துக்காக ரிப்பெற் குழுவினர் அசைத்த டிராகன் இன்றும் வியந்து பேசப்படுகின்றது. 1984இல் அவர் தமது சொந்தக் கலைக்கூடத்தை நிறுவினார். பொம்மைக் கலையின் உச்சியில் அவர் நின்ற காலம் அது.

நடுவயதில் மாணவனான ஆசான்

இதே காலத்தில் மற்றொரு கலைஞரும் புகழ்பெற்று விளங்கினார். டெனிஸ் மியூரன் என்பது அவர் பெயர். 1946இல் பிறந்த இவர், லூக்காஸ் நிறுவிய 'இன்டஸ்ட்ரியல் லைற் அன்ட் மாஜிக்' நிறுவனத்தின் மூத்த கலைஞர். சிறு மாதிரியுருக்கள், விளக்குகள், கமரா ஆகியவற்றில் கைதேர்ந்தவர். ஒஸ்கார் விருதுகள் பல பெற்றவர்.

1989இல் 'த அபிஸ்' என்னும் படத்துக்காக, கடல்நீரே பாம்பு போல நீண்டு மனித முகம் காட்டும் காட்சியொன்று அவர் தலைமையில் கணினியில் உருவாக்கப்பட்டது. காட்சி வெற்றி பெற்றது. ஆயினும் கணினி எவ்வாறு அதனைச் செய்கின்றது என்பதைத் தாம் அடிப்படையிலிருந்து அறியவில்லையே என்னும் எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. நாற்பதைக் கடந்த வயதில், ஓராண்டு வேலையிலிருந்து விலகி வீட்டில் இருந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட கணினி வரைகலைப் பாடநூல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு படித்தார். உலகப் புகழ் பெற்ற ஒருவர் மீண்டும் மாணவராக மேசைமுன் அமர்ந்த இச்செய்தி, நம் பிள்ளைகளைவிடப் பெற்றோராகிய நமக்கே மிகுதியும் பயன்படும் என்பது என் எண்ணம்.

அந்த ஓராண்டுக்குப் பின் அவர் திரும்பி வந்தபோது உருவானதே 'ரேர்மினேற்றர் 2' (1991). உருகிய உலோகம் மனித வடிவம் எடுத்து நடக்கும் காட்சியைக் கண்டு உலகம் வியந்தது.

1993: ஒரு கலை முடிந்ததா?

'ஜுராசிக் பார்க்' படத்தை எடுக்கத் தொடங்கியபோது ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க்கின் திட்டம் வேறாக இருந்தது. அருகில் காட்டும் காட்சிகளுக்கு ஸ்ரான் வின்ஸ்ரன் குழுவினர் முழு அளவில் பொறிப்பொம்மை டைனோசர்களைச் செய்வர். முழு உடலும் தெரிய ஓடும் காட்சிகளுக்கு ரிப்பெற் தமது பொம்மைகளை அசைப்பார் என்பதே ஏற்பாடு. ஆனால் மியூரனின் நிறுவனத்தில் ஸ்ரீவ் வில்லியம்ஸ், மார்க் டிப்பே என்னும் இளைஞர் இருவர், யாரும் கேளாமலே, டைனோசரின் எலும்புக்கூடு ஒன்று நடப்பதாகக் கணினியில் செய்து பார்த்தனர். அதைத் தொடர்ந்து செய்யப்பட்ட பரிசோதனைக் காட்சிகள் ஸ்பீல்பேர்க்குக்குக் காட்டப்பட்டன. ரிப்பெற்றும் அங்கே இருந்தார்.

வெட்டி வெட்டித் தெரியாத, மங்கலும் பாரமும் கூடிய மெய்யான நடை திரையில் தெரிந்தது. இருபது ஆண்டுகளாகத் தாம் கற்ற கலை தம் கண்முன்னே பழையதாகிவிட்டதை அவர் உணர்ந்தார். டைனோசரைப் போலத் தாமும் அழிந்துபோன இனமாகிவிட்டதாக அவர் கூறினார். அச்சொல் ஸ்பீல்பேர்க்கைக் கவர, அது படத்திலேயே பாத்திரங்களின் உரையாடலாக இடம்பெற்றது. பார்ப்போர் அவ்விடத்தில் சிரிக்கின்றனர். அச்சிரிப்பின் பின்னே ஒரு மனிதனின் துயரம் இருந்ததைப் பலர் அறியார்.

ஆனால் ஸ்பீல்பேர்க் அவரை அனுப்பிவிடவில்லை. காரணம் எளிது. கணினி அறிந்தவர்கள் பலர் அங்கே இருந்தனர். பல தொன் எடையுள்ள விலங்கொன்று அடியெடுத்து வைக்கும்போது எந்தக் காலில் பாரம் இறங்கும், திரும்புமுன் அதன் தலை எவ்வாறு முன்னதாக அசையும், இரையைக் கண்டதும் ஒரு கணம் எப்படி உறைந்து நிற்கும் என்பவற்றை அறிந்தவர் ரிப்பெற். கருவி பழையதாயிற்று, அவர் கற்றது பழையதாகவில்லை.

எனவே டைனோசர்களின் அசைவு முழுவதையும் மேற்பார்வை செய்யும் பொறுப்பு அவருக்கு வழங்கப்பட்டது. முக்கியமான காட்சிகளை முதலில் சிறு பொம்மைகளால் அவர் அசைத்துக் காட்டினார். கணினிக் கலைஞர்கள் அபிநயப் பயிற்சி வகுப்புக்குச் சென்று, தாமே டைனோசர்களாக நடந்தும் ஓடியும் பழகினர். அவருடைய கூடத்தில் ஒரு புதுமையான கருவியும் உருவாயிற்று. மூட்டுக்கு மூட்டு உணர்கருவி பொருத்திய உலோக எலும்புக்கூடு அது. பொம்மைக் கலைஞர் பழைய முறையிலேயே கையால் அதை நகர்த்த, அந்நிலை கணினிக்குள் இருக்கும் டைனோசருக்குச் சென்று சேர்ந்தது. விசைப்பலகையைத் தொட்டறியாத கலைஞரின் விரல்களும் இவ்வாறு கணினியோடு பேசின.

1994 மார்ச்சில் அப்படத்துக்கான ஒஸ்கார் விருதை மியூரன், வின்ஸ்ரன், மைக்கல் லன்ரியேரி ஆகியோரோடு ரிப்பெற்றும் மேடையேறிப் பெற்றுக்கொண்டார். பலரும் நினைப்பது போல அப்படத்தின் டைனோசர்கள் எல்லாம் கணினியில் பிறந்தவையல்ல. டைனோசர்கள் தோன்றும் ஏறத்தாழ 15 நிமிடங்களில், கணினியில் உருவானவை 6 நிமிடங்கள் அளவே. மிகுதி, வின்ஸ்ரன் குழுவின் பொறிப்பொம்மைகள். மழைக்காட்சியில் பெரிய டைனோசரின் இறப்பர்த் தோல் நீரை உறிஞ்சிப் பாரமாகி நடுங்கத் தொடங்கியது. காட்சிக்குக் காட்சி அதைத் துவாய்களால் துடைத்து உலர்த்த வேண்டியிருந்தது.

பின்னர் ரிப்பெற்றின் கலைக்கூடமே கணினிக்கு மாறியது. 1997இல் ஆயிரக்கணக்கான இராட்சதப் பூச்சிகள் படையெடுக்கும் படமொன்றை அது செய்தது. ஆயினும் அவர் பொம்மையை மறக்கவில்லை. 1990 அளவில் தொடங்கிப் பின் கைவிட்ட 'மாட் கோட்' என்னும் பொம்மைப் படத்தை, இளைய கலைஞர்களின் தூண்டுதலால் இருபது ஆண்டுகளின் பின் மீண்டும் கையிலெடுத்தார். வார இறுதிகளில் தொண்டர்கள் ஊதியமின்றி வந்து உதவினர். அப்படம் 2021இல் சுவிற்சர்லாந்தின் லொக்கார்னோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டபோது அவர் எழுபது வயதை நெருங்கியிருந்தார்.

பாடப்புத்தகமும் தந்திரக் காட்சியும்

"படம் காட்டும் தொழிலுக்குக் கணக்கும் பௌதிகமும் எதற்கு?" என்று மாணவர் சிலர் கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டைத் தருகின்றேன்.

16 மீற்றர் உயரமான கட்டடம் ஒன்று இடிந்து விழும் காட்சி வேண்டும். உண்மைக் கட்டடத்தை இடிக்க இயலாது. 1 மீற்றர் உயரத்தில் மாதிரியுரு ஒன்றைச் செய்கின்றோம். 16 மீற்றர் உயரத்திலிருந்து விழும் கல் நிலத்தை அடைய ஏறத்தாழ 1.8 நொடி செல்லும். 1 மீற்றர் உயரத்திலிருந்து விழும் கல்லுக்கோ ஏறத்தாழ 0.45 நொடியே போதும். எனவே மாதிரியுருவை அப்படியே படமாக்கினால், கற்கள் விரைந்து விழுந்து, இது விளையாட்டுப் பொருள் என்று கண் உடனே காட்டிக்கொடுத்துவிடும். இரு நேரங்களுக்கும் உள்ள விகிதம் 4. அதாவது 16இன் வர்க்கமூலம். ஆகவே நொடிக்கு 24 படங்களுக்குப் பதிலாக 96 படங்கள் எடுத்து, அவற்றை வழக்கமான வேகத்தில் ஓடவிட்டால், சிறு கட்டடம் பெருங்கட்டடமாக விழும். பத்தாம் வகுப்புப் பௌதிகமே இங்கு மாயவித்தையாகின்றது.

மேலும் இரண்டைக் கூறலாம். 1982இல் 'ஸ்ரார் ட்ரெக்' படமொன்றில் ஒரு கோளைத் தீ சூழும் காட்சிக்காக, வில்லியம் றீவ்ஸ் என்பவர் தீயைப் பல்லாயிரம் சிறு துகள்களாகப் பிரித்தார். ஒவ்வொரு துகளுக்கும் ஒரு தோற்றம், வேகம், நிறம், ஆயுள் என்பவற்றைக் கணக்காக வகுத்தார். இன்று கணினி விளையாட்டுகளில் காணும் தீயும் புகையும் பெரும்பாலும் அம்முறையின் வழிவந்தவையே. கணினியில் வரையும் பொருட்கள் யாவும் வழவழப்பாகப் பொறித்தன்மையோடு இருப்பதைக் கண்டு சலித்த கென் பேர்லின் என்பவர், இயற்கையில் காணும் ஒழுங்கற்ற ஒழுங்கைத் தரும் கணித முறையொன்றை 1983 அளவில் அமைத்தார். முகில், பளிங்கு, மலை முதலியன அதனால் உயிர்பெற்றன. ஒஸ்கார் விருது வழங்கும் கழகம் 1997இல் அவருக்குத் தொழில்நுட்ப விருது அளித்தது. ஒரு கணிதச் சமன்பாட்டுக்குத் திரைப்பட விருது கிடைத்தது விந்தையன்றோ!

ஒரு தொழிலுக்குள் பல தொழில்கள்

'தந்திரக் காட்சிக் கலைஞர்' என்பது இன்று ஒருவரைக் குறிக்கும் பெயரன்று. ஒரு டிராகன் திரையில் பறக்க வேண்டுமாயின், ஒருவர் அதனை ஓவியமாக வரைவார். ஒருவர் கணினியில் அதன் உருவைச் சிற்பம் போல வடிப்பார். ஒருவர் அதனுள் எலும்பும் மூட்டும் அமைப்பார். ஒருவர் செதிலுக்கும் தோலுக்கும் நிறம் தீட்டுவார். ஒருவர் அதனை அசைப்பார். ஒருவர் தீயும் புகையும் உண்டாக்குவார். ஒருவர் ஒளியமைப்பார். இறுதியாக ஒருவர், உண்மையாகப் படம்பிடித்த வானத்தோடு அந்த டிராகனை ஒட்டுத் தெரியாமல் இணைப்பார். இவர்கள் அனைவருக்கும் வேண்டிய மென்பொருளை எழுதுவோர் வேறு. ஓவியம் வராத பிள்ளைக்கும், கணக்கு வராத பிள்ளைக்கும் இங்கே இடம் உண்டு. உழைப்பு வராத பிள்ளைக்குத்தான் இடமில்லை.

கணினி விளையாட்டில் இதே வேலை வேறொரு நெருக்கடியோடு நடைபெறுகின்றது. திரைப்படத்தில் ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கணினி மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டில் நொடிக்கு 60 படங்கள் வேண்டுமாயின், ஒரு படத்துக்குக் கிடைப்பது ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கே. அத்துடன், திரைப்படத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்பதை இயக்குநர் தீர்மானிக்கின்றார்; விளையாட்டில் ஆடுபவர் எப்பக்கமும் திரும்பிப் பார்ப்பார். எனவே சிக்கனமே இங்குக் கலையாகின்றது. பெருந்தீ போலத் தோன்றுவது, பல வேளைகளில், ஆடுபவரின் முகம் நோக்கியே திரும்பிக்கொண்டிருக்கும் சில தட்டைப் படங்களே. 'ஜுராசிக் பார்க்' வந்த அதே 1993இன் இறுதியில் வெளியான 'டூம்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டின் பூதங்களுட் சில, கையால் செய்த சிற்பங்களைப் பல பக்கமிருந்தும் படம்பிடித்துக் கணினிக்குள் இட்டவையாகும்.

நாணயத்தின் மறுபக்கம்

பெற்றோர் அறியவேண்டிய மறுபக்கமும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று.

புதுச்சேரியில் வளர்ந்த சிறுவன் ஒருவன், படகொன்றில் வேங்கைப்புலியோடு கடலில் தத்தளிக்கும் கதையான 'லைப் ஒப் பை' (2012) படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். பம்பாய் ஜெயஸ்ரீ பாடிய தமிழ்த் தாலாட்டு ஒலிக்கும் படம் அது. அப்படகில் இருந்த புலி பெரும்பாலான காட்சிகளில் கணினியில் பிறந்தது. அதனை உருவாக்கிய முதன்மை நிறுவனமான 'றிதம் அன்ட் ஹியூஸ்' 1987இல் தொடங்கப்பட்டுப் புகழோடு விளங்கியது. மும்பாயிலும் ஐதராபாத்திலும்கூட அதற்குக் கிளைகள் இருந்தன. 2013 பெப்ரவரியில் அப்படம் தந்திரக் காட்சிக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. ஆனால் விருது விழாவுக்கு இரண்டு வாரங்கள்கூட இல்லாத நிலையில் அந்நிறுவனம் வங்குரோத்து நிலையை அறிவித்திருந்தது. ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் வேலை இழந்தனர். உள்ளே விருது வழங்கப்பட்டுக்கொண்டிருக்க, வெளியே வீதியில் அத்தொழிலாளர்கள் பதாகை ஏந்தி நின்றனர். மேடையில் விருது பெற்றவர் அந்நிறுவனத்தின் நிலைபற்றிப் பேசத் தொடங்கியபோது இசை ஒலித்து அவர் பேச்சு நிறுத்தப்பட்டது.

காரணம் என்ன? ஒரு வேலைக்கு இவ்வளவு பணம் என்று முற்கூட்டியே ஒப்பந்தம் செய்யப்படுகின்றது. படம் எடுப்போர் மனம் மாறித் திருத்தங்கள் கேட்டாலும் பணம் பெரும்பாலும் கூடுவதில்லை. வரிச்சலுகை தரும் நாடுகளை நோக்கி வேலை இடம்பெயர்கின்றது. கலைஞர்களும் குடும்பத்தோடு அதன்பின் அலைகின்றனர். வெளியீட்டுத் திகதி நெருங்கினால் இரவு பகல் இல்லை. ஒரு படம் முடிந்தால் அடுத்த படம் கிடைக்கும் என்ற உறுதியும் பலருக்கு இல்லை. கணினி விளையாட்டுத் துறையிலும் நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று.

சொற்களை எழுதிக் கொடுத்தால் படமாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களும் இன்று வந்துள்ளன. 1993இல் பொம்மைக் கலைஞன் கேட்ட கேள்வியை இன்று கணினிக் கலைஞன் கேட்கின்றான். எதிர்காலத்தை நான் அறியேன். ஆனால் ரிப்பெற்றின் வரலாறு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகின்றது. கருவியை மட்டும் கற்றவன் கருவியோடு போய்விடுவான். நடையை, பாரத்தை, ஒளியை, உயிரைக் கூர்ந்து பார்க்கக் கற்றவனுக்கு அடுத்த கருவியிலும் ஓர் இடம் இருக்கும்.

நமக்கு இது புதிய செய்தியன்று. தாயகத்தில் கரும்பலகை முன் நின்ற நானும், அங்கே வயலில், கடலில், தறியில், அலுவலகத்தில் நின்ற நீங்களும் இந்நாட்டுக்கு வந்து வேறு கருவிகளைக் கையிலெடுத்தோம். பழைய தொழில் போயிற்று. அத்தொழில் கற்றுத்தந்த பொறுமையும் கணக்கும் கைநிதானமும் போகவில்லை. இன்றும் அவற்றைக் கொண்டே வாழ்கின்றோம். பிள்ளைகளுக்குத் தொழில் தெரிவு செய்யும்போது இதனை நாம் மறந்துவிடலாகாது.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

பெற்றோரே, உங்கள் பிள்ளை இத்துறையை விரும்பினால் உடனே மறுக்காதீர்கள். உடனே மகிழ்ந்து கடனும் வாங்காதீர்கள். முதலில் பிள்ளை விளையாட்டை ஆடுவதில் மட்டும் இன்பம் காண்கின்றதா, அல்லது எவ்வாறு செய்தார்கள் என்று வினவுகின்றதா என்பதைக் கவனியுங்கள். இரண்டும் வேறு. இரண்டாவது இருக்குமாயின், அது செய்த ஒன்றைக் காட்டச் சொல்லி அருகில் அமர்ந்து பாருங்கள். உங்களுக்கு விளங்காவிட்டாலும், விளக்கிச் சொல்லும்போது பிள்ளைக்கு மேலும் விளங்கும். தனியார் கல்லூரிகளின் வண்ண விளம்பரங்களை நம்பி மட்டும் பணம் கட்டாதீர்கள். அங்கே பயின்றவர்கள் இப்போது எங்கே வேலை செய்கின்றனர் என்று கேளுங்கள். கணிதம், கணினியியல், நுண்கலை ஆகியவற்றில் ஒன்றில் உறுதியான அடித்தளம் இருந்தால், இத்துறை கைவிட்டாலும் வேறொரு துறையில் கால் ஊன்றலாம்.

மாணவரே, நாள்தோறும் ஏதேனும் ஒன்றைப் பார்த்து வரையுங்கள். பூனை பாயுமுன் எப்படிப் பதுங்குகின்றது, அம்மாவின் சேலைத் தலைப்பு காற்றில் எப்படி மடிகின்றது, தேநீரின் ஆவி எப்படிச் சுருள்கின்றது என்று கவனியுங்கள். பாடசாலையில் பௌதிகத்தையும் கணக்கையும் வெறுக்காதீர்கள். கைத்தொலைபேசியும் களிமண் பொம்மையும் போதும். பன்னிரண்டு நொடிப் படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். 288 முறை பொம்மையை நகர்த்திய பின்னும் மறுநாள் அதே ஆசை உங்களுக்கு இருந்தால், அந்தப் படத்தோடு உங்கள் பெற்றோரிடம் சென்று பேசுங்கள். வெறுஞ் சொல்லைவிட அந்தப் பன்னிரண்டு நொடிகள் உங்களுக்காக நன்றாக வாதாடும்.